அஜிதாவுக்கு நான் போட்ட கணக்கு

அஜிதா வருடத்துக்கு ஒருமுறைதான் என் வீட்டுக்கு வருவாள். ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், தாய் கமலாவதியோடு. ரொக்ஸ்பரோவில் என் வீட்டு பேஸ்மென்றில் ஒரு மேசையும் ஒரு பிரின்டரும் நாலு கதிரைகளும் உண்டு. அங்கே இருந்துதான் இருபத்தாறு வருடமாக எங்கள் சனத்துக்கு வருமானவரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒட்டாவா மத்திய அரசுக்கு ஒன்று, கியூபெக் மாகாண அரசுக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பத்திரம். கூலி ஐம்பது டொலர். வார நாட்களில் எனக்கு ஒரு மருந்துக் கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. அது யாருக்கும் தெரியாது. பேரின்பநாதன் என்று பெயரைச் சொன்னால், "ஆர், ரக்ஸ் செய்யிற அண்ணையோ?" என்றுதான் கேட்பார்கள்.

அஜிதாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. கதவும் ஜன்னலும் செய்கிற ஒரு கம்பனியில், வருகிற பில்களுக்குக் காசு அனுப்புகிற பகுதியில் வேலை. தன் கடதாசிகளையும் தாயின் கடதாசிகளையும் திகதி வாரியாக அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைப்பாள். மற்றவர்கள் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இவளிடம் ஒரு துண்டு குறையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அடக்கமான பிள்ளை என்று மனைவியிடம் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். என்னோடு பேச அவளுக்கு விருப்பமில்லை என்பது இந்த மரமண்டைக்கு ஏற நிறைய வருடங்கள் பிடித்தன.

அவளுடைய வாழ்க்கையை எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்தது அதில் ஒரு பத்து ஏப்ரல்கள் மட்டும்தான். ஆனால் முதலாவது ஏப்ரலில், அவளுடைய பதினெட்டாவது வயதில், அவளுடைய மிச்ச வாழ்க்கையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதி வைக்கத்தானே வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளையிடம் 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராவிட்டால், அந்த வார்த்தையைச் சொல்ல இன்னொருவரைப் பிடிப்பார்கள். "ரக்ஸ் அங்கிளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பம்" என்று பிள்ளையைக் கூட்டிவருவார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் எனக்குக் கண்ணைக் காட்டுவார்கள். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வருமானம் என்று எழுதுவேன். விமானமோட்டப் போகிறேன் என்று வந்தவனைக் கணினி படிக்க வைத்திருக்கிறேன். மேளம் பழக யாழ்ப்பாணம் போகிறேன் என்று நின்றவன் இன்றைக்கு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறான். பெற்றோர் போகும்போது படியில் நின்று என் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். அந்த நேரம் எனக்கு ஒரு அடி உயரம் கூடிவிடும்.

2015ஆம் ஆண்டு ஏப்ரலில் கமலாவதி வந்ததும் அதற்காகத்தான் என்று நினைத்தேன்.

கமலாவதி மட்டக்களப்பு, ஆரையம்பதிப் பக்கம். கணவர் தங்கராசா, அஜிதாவுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கிற ஓர் ஆலையில் வேலை செய்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன அப்பார்ட்மென்றில் மகளை வளர்த்தாள். அன்றைக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி வந்திருந்தார்கள். வரி வேலை முடிந்ததும், "அண்ணன், இவள் ஒரு காலேஜுல சேரப் போறாளாம். நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள் 'அண்ணை' என்பார்கள், அவள் 'அண்ணன்' என்பாள்.

டவுன்டவுனில் ஒரு தனியார் கல்லூரி. இரண்டு வருடச் சினிமாப் படிப்பு. அரசாங்கக் கல்லூரியான சீஜெப்பில் அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, இங்கே கிடைத்திருந்தது. அஜிதா கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். அந்தக் காலத்தில் அவள் பேசுவாள். எடிட்டிங் என்றாள், வெளிச்சம் என்றாள், முதல் வருடமே ஒரு குறும்படம் செய்யலாம் என்றாள். ஒரு வசனம் தமிழ், அடுத்த வசனம் ஆங்கிலம், அவசரப்பட்டால் பிரெஞ்சு.

சினிமா ஆசை வெறும் வாயால் வந்ததும் இல்லை. எங்கள் கலியாணங்களையும் பெண்பிள்ளைகள் பெரியவளாகிற சாமத்திய வீடுகளையும் வீடியோ எடுக்கிற ஸ்ரீதரனுக்கு அவள் பதினாறு வயதிலிருந்து இரண்டாவது கமெரா பிடித்தவள். என் மைத்துனரின் மகளுடைய சாமத்திய வீட்டு வீடியோவை நான் பார்த்திருந்தேன். பல்லக்கு, ஆரத்தி, கேக் எல்லாம் வழக்கம்போல. கடைசியில் இரண்டு நிமிடம் ஒரு துண்டு வந்தது. மண்டபம் காலியான பிறகு என் மைத்துனர் தனியாகக் கதிரைகளை மடித்து அடுக்குகிறார். தூரத்தில் மகள் நகைகளைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள். மனுசன் கையில் கதிரையோடு அப்படியே நின்று அவளைப் பார்க்கிறார். அதை எடுத்தவள் அஜிதா. அதைப் பார்த்து நான் மூக்கைச் சிந்தினேன். இந்தப் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் தாளை எடுத்தேன்.

கமலாவதி ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் அதைக் கண்காட்டல் என்று எடுத்தேன்.

செலவுப் பக்கம்: படிப்புக்கு இருபத்தொன்பதாயிரம், கமெரா கணினிக்கு ஆறாயிரம், கடன் வட்டி ஐயாயிரம். மொத்தம் நாற்பதாயிரம் டொலர். பக்கத்திலே, சீஜெப்பில் கணக்கியல் படித்தால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து இரண்டாயிரம். அதுவரை எல்லாம் உண்மை. வருமானப் பக்கத்துக்கு வந்ததும் ஒரு சிக்கல். கணக்கியல் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேரின் ரி-ஃபோர் என்கிற சம்பளத் துண்டு என் கையால் போயிருக்கிறது. வருடம் முப்பத்தாறாயிரம் என்று எழுதினேன். கமெரா பிடித்துச் சீவிக்கிற ஆள் எனக்கு ஒருவரைத்தான் தெரியும். ஸ்ரீதரனின் போன வருடப் பத்திரத்தை நானே நிரப்பியிருந்தேன். அதில் இருந்த தொகையை அப்படியே எழுதினேன். பதினாலாயிரத்து அறுநூறு.

இங்கேதான் நான் செய்த வேலை இருக்கிறது. அந்தத் தொகை பொய். ஸ்ரீதரனுக்குப் பாதிக்கு மேல் காசாகத்தான் வரும். "காசாத் தாறதை எழுதாதேங்கோ அண்ணை" என்பான். நான் எழுதமாட்டேன். அவன் வாயால் சொன்ன ஒரு சின்னத் தொகையை என் கையால் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி, அரசாங்கத்துக்கு அனுப்பியவன் நான். அது பொய் என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவன், அதையே ஒரு பிள்ளையின் எதிர்காலம் என்று தாளில் எழுதினான்.

பத்து வருடத்துக்குக் கணக்குப் பார்த்தேன். இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் டொலர் நட்டம். அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அஜிதா தாளைக் குனிந்து பார்த்தாள். "இது பிழை அங்கிள். ஸ்ரீதரன் அண்ணா ஒரு வெடிங்குக்கே ரெண்டாயிரத்துக்கு மேல எடுக்கிறவர். நான் அவரோட போறனான், எனக்குத் தெரியும்."

"பிள்ளை, அவரின்ரை கணக்கை எழுதுறது நான். நீ எனக்குச் சொல்லித் தாறியோ?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் கடிதத்தை நாலாக மடித்து ஜீன்ஸ் பொக்கற்றில் வைத்தாள். கமலாவதி அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தாள். படியில் நின்று என் கையைப் பிடித்து நன்றி சொல்லவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நான் சொன்னபடிதான். கணக்கியல் படித்தாள். முப்பத்தைந்தாயிரம் சம்பளத்தில் தொடங்கினாள், முப்பத்தொன்பது ஆனது, நாற்பத்தாறு ஆனது. ஒரு பழைய கொரொல்லா வாங்கினாள். தாயை முழங்கால் வைத்தியத்துக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு ஏப்ரலும் அவளுடைய தொகையைத் தட்டச்சு செய்யும்போது, நான் நட்டு வைத்த கன்று வளருகிற மாதிரி ஒரு பெருமை எனக்கு. வெட்கமில்லாமல் அதை அவளிடமே சொல்லியும் இருக்கிறேன். "பாத்தியே பிள்ளை, அங்கிள் சொன்ன கணக்கு!" அவள் "ஓம் அங்கிள்" என்பாள்.

ஒரு கலியாண வீட்டில்தான் எனக்கு முதலில் நெஞ்சில் குத்தியது. ஸ்ரீதரனின் உதவியாள் வரவில்லை. தாலி கட்டப் போகிற நேரம். அவன் ஓடிவந்து, "அஜி, ஒரு பத்து நிமிசம் பிடி" என்று அவளிடம் கமெராவை நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு மறந்துபோச்சு அண்ணா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போடுகிற பக்கம் போய்விட்டாள். நான் அடுத்த வரிசையில் இருந்தேன். மண்டபம் முழுக்க ஆளுக்கு ஆள் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வடை அடுக்குகிறாள்.

போன இலையுதிர் காலத்தில் ஸ்ரீதரன் ஒரு டுப்ளெக்ஸ் வீடு வாங்கப் போனான். வங்கி அவனுடைய வரிப் பத்திரங்களைப் பார்த்துவிட்டு, இந்த வருமானத்துக்குக் கோழிக்கூடும் வாங்கமுடியாது என்கிற மாதிரி அனுப்பிவிட்டது. அவன் ஒரு பை நிறையத் தன் டயரிகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டான். "உண்மையை எழுதித் திருத்தி அனுப்புவம் அண்ணை. அபராதத்தைக் கட்டுறன்" என்றான். வருடத்துக்கு ஒரு டயரி, விழாவுக்கு ஒரு பக்கம், வாங்கிய காசு அடியில்.

அவன் போன பிறகு, யாரும் கேட்காமலே, 2014ஆம் ஆண்டு டயரியை எடுத்துக் கூட்டினேன். ஐம்பத்தோராயிரத்து முந்நூறு. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'அஜி – 80' என்று அவளுக்குக் கொடுத்த கூலி இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை, முப்பத்தொரு விழாக்கள். அவ்வளவு இடத்தில் நின்று வேலை செய்தவள், அந்தத் தொழிலில் எவ்வளவு வரும் என்று கண்ணால் கண்டவள், என் முன்னால் இருந்து 'இது பிழை அங்கிள்' என்று சொன்னவள். சரியான தொகையைப் போட்டுப் பத்து வருடத்துக்குக் கணக்குப் பார்த்தேன். கணக்கு மறுபக்கம் விழுந்தது. நாற்பதாயிரம் செலவு போக, கணக்கியலை விட ஒரு லட்சத்துக்கும் மேலே லாபம்.

எல்லோரும் ஸ்ரீதரன் ஆவதில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் அந்த உண்மைகளை எழுதவில்லை. ஒரு பொய்யைத்தான் எழுதினேன். குளிர்காலம் முழுக்க அது என்னைத் தின்றது. ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. வரட்டும், ஏப்ரலில் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன்.

இந்த ஏப்ரல் வந்தார்கள். கடதாசிகள் அடுக்காக மேசைக்கு வந்தன. இரண்டு பேரின் பத்திரமும் முடிந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு அஜிதா எழும்பவில்லை.

"அங்கிள், ஒண்டு கேக்கவேணும். நான் வேலைய விட்டிட்டு ரெண்டு வருசம் படிச்சா எப்பிடி இருக்கும்? சீஜெப்பில பெரியாக்களுக்கு ஒரு எடிட்டிங் கோர்ஸ் இருக்கு. என்னை எடுத்திருக்கினம். இன்னும் ஓம் சொல்லேல்லை."

கமலாவதி திரும்பி மகளைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதினம் என்று தெரிந்தது. அஜிதா தாயைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "இப்பவே கேட்டிட்டா நல்லம். அம்மா எப்பிடியும் உங்களிட்டத்தான் கூட்டிக்கொண்டு வருவா" என்றாள்.

நான் பழக்க தோஷத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு கீறிவிட்டேன். அதற்கு மேல் பேனை ஓடவில்லை. இப்போது சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"பிள்ளை, அண்டைக்கு நான் போட்ட கணக்கு பொய். நீ சொன்னதுதான் சரி. ஸ்ரீதரன்ரை உழைப்பு அதைவிட மூண்டு மடங்குக்கும் மேலை. அது எனக்கு அப்பவே தெரியும்."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுகொண்டோ எழுதினீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"அம்மாவுக்கு விருப்பமில்லை எண்டு நினைச்சன். வேண்டாம் எண்டு சொல்லுவிக்கத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ எண்டு நினைச்சன்."

அஜிதா தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் புதிதில்லை. "அதுதான் எனக்கும் தெரியுமே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அவ்வளவு பழகிப்போன ஒரு விஷயம்.

"என்ன தெரியும் உனக்கு?" கமலாவதி கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என் மேசையில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "என்ன புள்ள தெரியும்? நான் அண்டைக்கு ஓமெண்டு சொல்லத்தான் வந்தன். முதல் கட்டுக்காசு மூவாயிரத்தி ஐந்நூறு, சீட்டை முந்தி எடுத்து, கழிவும் குடுத்து, எண்ணி என்ட பேக்குக்குள்ள வெச்சிருந்தன். அடுத்த நாள் காலமை காலேஜுல கட்டுறதுக்கு. எனக்கு இங்கிலீசும் தெரியா, பிரெஞ்சும் தெரியா. காலேஜுக்காரன் ஏமாத்துறானோ எண்டு படிச்ச மனுசன் ஒருத்தரிட்ட ஒரு வார்த்தை கேப்பம் எண்டுதான் இங்க வந்தன்."

"அம்மா." அஜிதா தாயின் பக்கம் திரும்பினாள். "ஏன் சொல்லேல்லை?" என்றாள்.

"எதைச் சொல்ல? அண்ணன் ரெண்டு கோடு போட்டுத் தந்த கணக்கு. உன்னக் கடனுக்குள்ள தள்ளிருவனோ எண்டு பயந்திட்டன். காசை வெச்சிருந்தன் எண்டு சொன்னா, உனக்கு இன்னும் கவலையாப் போகும் எண்டு சொல்லல்ல."

"நான் இவ்வளவு வருசமும் உங்களோடதான் கோவம் அம்மா. உங்களோட." பிறகு அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழுகிற பிள்ளை இல்லை அவள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு தாயிடமிருந்து ஒன்பது வருடத்தை நான் எடுத்திருக்கிறேன். காசை விடுங்கள், படிப்பை விடுங்கள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒருத்தி மற்றவளை மன்னிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்பியிருக்கிறாள். மற்றவள் ஏன் என்று தெரியாமல் கோப்பை கழுவியிருக்கிறாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னேன். இரண்டு பேரில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அஜிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் கோடு கீறி வைத்திருந்த தாளை என் முன்னாலேயே தள்ளிவிட்டாள். "இதுக்குக் கணக்கு வேண்டாம் அங்கிள். நான் போறன்" என்றாள். படிக்கப் போகிறாள் என்பது எனக்கு விளங்கியது. தாய்க்கும் விளங்கியது. காரைத் திருப்பி நிறுத்தவென்று அஜிதா முன்னால் போனாள்.

கமலாவதிக்கு முழங்கால் சரியில்லை. கதவடிக் கதிரையில் இருந்து மெதுவாகச் சப்பாத்துப் போட்டாள். உதவி செய்யக் குனியலாமா என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன். வாரைக் கட்டி முடித்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அண்ணன், நான் ஒரு வார்த்தையும் பேசல்லையே. எனக்கு விருப்பமில்லை எண்டு எதை வெச்சு நினைச்சீங்க?"

அவளுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. எனக்குப் பதில் தெரியும். துணி வெளுக்கிற ஆலையில் வேலை, புருசன் இல்லை, பஸ் ஏறி வந்தவள். இப்படி ஒருத்தி மகளைச் சினிமா படிக்க விடுவாளா என்று பார்த்த உடனேயே முடிவுகட்டிவிட்டேன். ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை அவளுடைய முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"தெரியேல்லைத் தங்கச்சி" என்றேன். கணக்கைப் பற்றி உண்மை சொல்லிக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவள் அதையும் நம்பித் தலையை ஆட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியேறிப் போனாள்.